மானிட்டருக்குப் பொன்னாடை

பிள்ளைகளா, போன வாரம் எங்க ஊர் ஸ்கூல் ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். யாருக்கு? ஒரு கம்ப்யூட்டருக்கு.

சிரிக்காதீங்க. முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

என் மகள் பேச்சி பத்தாவது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதப் படிக்கிறாள். விழாக் கோலாட்டத்துக்குத் தாளம் போட ஒரு புரோகிராம் எழுதினாள். கோலாட்டக் கம்பு ஒரு ‘டக்’, செம்புக் குடம் ஒரு ‘டங்’... இரண்டையும் மைக்கில் பிடித்தாள். அவ்வளவுதான் சத்தம். எது எப்போது வரணும், எத்தனை தரம் திரும்பி வரணும், நடுவில் எவ்வளவு இடைவெளி — எல்லாம் அவள் வரி வரியாக எழுதியது. மில்லில் ஷிப்டு முடிந்து கூப்பிடப் போனால், “இருங்கப்பா, தாளம் இடறுது” என்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் காத்திருப்பேன். ஏசி ரூமுக்குள் செருப்போடு போனால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம்.

விழா அன்று காலையில் கேட்டாள்: “எம் பேரைச் சொல்லுவாங்கள்லாப்பா?”

சென்டர் கம்ப்யூட்டரை மேடைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தவர் சென்டர் முதலாளி அண்ணாச்சி. “இந்தக் கோலாட்டத்துக்குக் கம்ப்யூட்டரே தாளம் போடுது” என்றார். பேச்சி பேரைக் காணோம்.

பெரிய பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். அடுத்து மூணாம் வகுப்பு. அந்தத் தாள ஓட்டத்துக்குக் குட்டிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“கொஞ்சம் பைய அடிக்கச் சொல்லும்வே” என்றார் தலைமை விருந்தினர், ஒரு வக்கீல். அண்ணாச்சி ஏதோ பட்டனைத் தட்டினார். அதே ஓட்டம். “அதுக்கு இவ்வளவுதான் தெரியும் சார்.”

அதுக்கு!

பேச்சி மேடை ஓரத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “ஏட்டி, தொடாத, கெட்டுப்போவும்” என்றார் அண்ணாச்சி. அவள் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். இடைவெளி கூடியது. தாளம் பைய நடந்தது. குட்டிகள் ஆடினார்கள்.

வக்கீலுக்கு ஒரே பூரிப்பு. “பாத்தீங்களா, சொன்ன பேச்சு கேக்குது” என்று பொன்னாடையை எடுத்து மானிட்டர் மேல் போர்த்தினார். அதன் முன்னாலேயே பேச்சி உட்கார்ந்திருக்கிறாள். மனுஷன் கண்ணாடி வேறு போட்டிருந்தார்...

கை தட்டினவர்கள் பூரா படித்தவர்கள். குடம் தானாக ‘டங்’ என்று அடித்தது என்றால் இவர்கள் நம்புவார்களா? பெட்டி என்றால் மட்டும் நம்புகிறார்கள். நீங்களாவது, எந்தப் பெட்டி என்ன வித்தை காட்டினாலும் ‘எழுதினது யாரு?’ என்று ஒரு வார்த்தை கேளுங்க.

பேச்சியைச் சைக்கிள் பின்னால் வைத்து வீட்டுக்குத் திரும்பினேன். மில் கேட் தாண்டியதும் நானே கேட்டேன்: “ஏட்டி, அந்தப் பொன்னாடையை நான் போய்க் கேட்டு வாங்கட்டா?”

“வேண்டாம்ப்பா. கம்ப்யூட்டரு எப்பவும் ஏசி ரூம்ல கெடக்கு... குளிரும்லா, போத்திக்கிடட்டும்.”