போர் முரசு என்று எழுதிவிட்டார்கள்

இந்த நாட்டில் பாட்டுக்கும் நட்சத்திரம் போடுகிறார்கள், ஹோட்டலுக்குப் போடுவதுபோல. நான் பாடிய இசைத்தட்டுக்கு நாலு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது என்று என் ஜெர்மன் சிநேகிதி ஆங்கே காலையிலேயே ஃபோனில் கத்தினாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். பத்திரிகையில் எழுதுகிற ஒருவராம், எங்களை நேரில் பார்த்ததே இல்லையாம். இலங்கையில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது பாடினால் பக்கத்து வீட்டு அக்கா அடுப்படியில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் மூக்கால பாடுற. அவ்வளவுதான் எங்கள் விமர்சனம். அதற்குப் பயந்து யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அந்த நாலு நட்சத்திரத்துக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு ஓர் இசைப்பள்ளியில் துப்புரவு வேலை கிடைத்தது. ஆங்கே அந்தப் பள்ளியில் செல்லோ என்கிற பெரிய வயலின் சொல்லிக்கொடுப்பவள். தரை துடைத்துக்கொண்டே நான் பாடியதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம். இரண்டு வயலின், அவளுடைய செல்லோ, ஒரு பழைய ஹார்மோனியம், நடுவில் என் குரல். பல்லவி திரும்பி வராது, பாதியில் பாட்டு நின்றுவிடும், தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். இதைப் பரிசோதனை முயற்சி என்றார்கள். இந்த வகைக்குப் பெயர் காமர்பொப், அதாவது சின்ன அறைக்குள் வாசிக்கிற இசை என்று ஆங்கே விளக்கினாள். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே காம்பராவுக்குள் ஏழு பேரோடு வளர்ந்தவளுக்கு அறைக்குள் பாடுவது புதிதா என்ன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கடைசிப் பாட்டுக்குத் தாளம் வேண்டும் என்றாள். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த என் தம்பி செல்வம், தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது தப்பு மேளம் அடித்து, கேசட்டில் பதிந்து அனுப்பினான். இசைத்தட்டின் உறையில் அவன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அச்சடித்தார்கள். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

விமர்சனத்தை அகராதி வைத்துக்கொண்டு, பத்து நாளாக வரி வரியாகப் படித்தேன். செல்லோ மூடுபனிபோல் நகர்கிறதாம். என் குரல் பழகாத குரலாம், அதுவே அதன் அழகாம். சரி, இருக்கட்டும். கடைசிப் பத்திக்கு வந்தபோது அகராதியை மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். இறுதிப் பாடலில் ஒலிப்பது இலங்கைத் தமிழரின் போர் முரசு, ஆயுதம் ஏந்திய ஓர் இனத்தின் இதயத் துடிப்பு என்று எழுதியிருந்தார் அந்தப் புண்ணியவான். அட கடவுளே! அது பெரட்டுத் தப்பு. விடியற்காலையில் ஆட்களை எழுப்பி, பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டு, யார் யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதற்காக அடிக்கிற அடி. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, பெரட்டுக்கு இது. இதைக் கேட்டு யாரும் சண்டைக்குப் போனதில்லை. வேலைக்குத்தான் போயிருக்கிறோம்.

இங்கே இருப்பவர்களுக்கு அது ஒரு வரி. அங்கே போர் மறுபடியும் மூண்டிருந்த காலம். கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தாலே ஓரமாக நிறுத்திவிடுவார்கள். நுவரெலியாவில் பிறந்தவன், வடக்கைக் கண்ணாலும் பார்க்காதவன் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? எங்கள் தோட்டத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அப்படிப் பிடிபட்டுப் போய், வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள். உறையில் செல்வத்தின் பெயர், ஊர், எல்லாம் என் வாயாலேயே சொல்லிக் கொடுத்தது.

ஆங்கேயிடம் ஓடினேன். என் தம்பியின் பெயர் அதில் இருக்கிறதே என்று அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆமாம், அவன் பெயர் இருக்கிறது, இனி அவனையும் எல்லோருக்கும் தெரியும் என்றாள். அவளுடைய கண்ணிலும் தண்ணீர், ஆனால் சந்தோஷத்தில். விமர்சனத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இசைத்தட்டோடு சேர்த்து அவன் வேலை செய்யும் கடை விலாசத்துக்குப் போன வாரமே அனுப்பிவிட்டேன், உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றாள். பெயர் தெரிவதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்பதை அவளுக்கு விளங்க வைக்க எனக்குத் தெரிந்த ஜெர்மன் போதவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் போதுமாக இருந்திருக்காது.

அதற்குள் இசைத்தட்டு விற்கத் தொடங்கிவிட்டது. கச்சேரிகளில் கடைசிப் பாட்டு வந்ததும் இளைஞர்கள் கையை மடக்கி மேலே தூக்கினார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து, உங்கள் போராட்டம் வெல்லட்டும் என்றாள். கையை உருவிக்கொண்டேன். நம்மவர்களாவது புரிந்துகொள்வார்கள் என்றால், கோயிலில் கண்ட யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர், "உதென்ன பிள்ளை, செத்த வீட்டுப் பறையை வெள்ளைக்காரனுக்குக் கொண்டுபோய்க் காட்டுறியள்?" என்று முகத்தைச் சுளித்தார். ஒருத்தருக்குப் போர், இன்னொருத்தருக்கு இழவு. செல்வம் அடித்ததை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், எனக்குப் பயம்தான் வந்தது.

செல்வத்தின் கடைக்குத் தினமும் ஃபோன் அடித்தேன். மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருநாள் முதலாளி எடுத்தார். அவரும் எங்கள் மலைப்பக்கத்துப் பூண்டுலோயாக்காரர்தான், ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பிய கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. பார்சல் ஒண்ணு வந்துச்சு. அதப் பிரிச்சுப் பாத்தாங்க. இனிமே இங்க ஃபோன் பண்ணாதீங்க."

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. வாளியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளே எந்தக் குழந்தையாவது டிரம் தட்டினால் உடம்பு தூக்கிப்போடும். நான் பாடாமல் இருந்திருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும்?

அடுத்த வாரம் செல்வமே கூப்பிட்டான். முதலில் என்னால் பேச முடியவில்லை. அவன்தான் பேசினான். ஆங்கே அனுப்பிய விமர்சனக் கடதாசியை வாசித்துவிட்டு, எந்த இயக்கம், யாருக்குச் செய்தி என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். பிறகு வயதான சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்து, அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னாராம். கினிகத்தேனை என்ற எங்கள் மலைநாட்டு ஊரில் ரோட்டோரக் கடை வைத்திருந்தவரின் மகன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மே வத்தே பெரே நே" என்று சிங்களத்தில் சொன்னாராம். இது தோட்டத்து மேளமாச்சே. சின்ன வயதில் எதிர்மலையில் இந்தச் சத்தம் கேட்டுத்தான் தன் அம்மாவும் எழுந்து கடை திறப்பார், இதற்கா இவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் விட்டுவிட்டார்கள். எங்கள் இசைத்தட்டைச் சரியாகக் கேட்டவர் அந்த ஒரு மனிதர்தான். அவர் நட்சத்திரம் எதுவும் போடவில்லை.

"அக்கா, பாட்டு நல்லா இருக்கு," என்றான் செல்வம். "ஆனா என் பேர எடுத்துருங்க. நா அடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எடுத்துவிட்டோம். இரண்டாம் பதிப்பின் உறையில் அவன் பெயரும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆங்கே காரணம் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், அச்சகத்துக்கு ஃபோன் செய்தாள். பெயர் தெரியாத அந்த மேளக்காரர் என்று புதிய விமர்சனங்களில் எழுதினார்கள். அது பாட்டை இன்னும் மர்மமாக்குகிறதாம்.

போன மாதம் ஒரு தேவாலயத்தில் கச்சேரி. கடைசிப் பாட்டுக்கு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், ஒலிபெருக்கியில் தப்பு மட்டும் கேட்கும். அங்கே விடிகிற நேரத்துக்கான அடியை இங்கே மாலை ஆறு மணிக்குக் கோட்டுப் போட்டவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, இவ்வளவு அருமையாக அடிப்பவர் யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு தமிழ் முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. யாரென்று தெரியாது, கேட்டதை யாரிடம் போய்ச் சொல்வார்கள் என்றும் தெரியாது.

தெரியாது என்றேன். ஜெர்மனிலும் சொன்னேன், அந்த இருவருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.