செவ்வாய்க்கிழமை உறுமிய வண்டி

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் கார், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் வாயே திறக்காது. வாப்பா சவுதியில் கார் பட்டறையில் வேலை பார்த்தார். வெள்ளிதான் அவருக்கு விடுமுறை. அன்றுதான் எங்களோடு ஆற அமரப் பேசுவார். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று, அந்தப் பேச்சுக்கிடையில் உம்மா வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். எங்கள் நலமும் வண்டியின் நலமும் ஒரே அழைப்பில் விசாரிக்கப்படும். வண்டியை முதலில் விசாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நெரவியில் பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று உம்மா வண்டியை எடுத்தாள். ஓட்டத் தெரியும், துணிச்சல்தான் குறைவு. சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் அடங்கவில்லை. பதறிப்போய் உம்மா கிளட்சை விட்டுவிட, அது பாய்ந்து மதிலை முட்டி அணைந்தது. கேட்டைத் திறக்க நான் அப்போதுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருந்தேன்.

உம்மா வீடியோ காலில் வாப்பாவை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கியரை எடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் செல்போனைப் பிடிக்க வேறு ஆளில்லை. வாப்பாவை இரண்டு கையாலும் எஞ்சினுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

கீழே கிடக்கும் மேட் ஆக்சிலேட்டரில் சிக்கியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கேபிள் இறுகியிருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. பிறகு உம்மாவின் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொன்னார், ஃபேன் இழுத்துக்கொள்ளுமாம். அதைக் கேட்டதிலிருந்து உம்மாவின் கையைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே போகும் அந்தக் கை முழுசாகத் திரும்பி வராது என்றே பயந்தேன்.

"ரெண்டு பேரும் பேசாம இருங்க. எங்கயோ காத்து சீறுது," என்றார் வாப்பா.

உண்மைதான். ரப்பர் குழாய்களைத் தடவிக்கொண்டே போன உம்மாவின் விரல் ஒரு குழாயின் நுனியில் நின்றது. எலி கடித்த ஓட்டை. விரலால் பொத்தினால் உறுமல் இறங்கியது, எடுத்தால் ஏறியது. கண்ட வழியில் காற்று புகுந்தால் எஞ்சின் இப்படித்தான் தலைகால் தெரியாமல் ஓடுமாம். வண்டியை அணைத்துவிட்டு, கடிபட்ட நுனியைக் கத்தியால் நறுக்கி, மீதிக் குழாயை உம்மா இழுத்துச் செருகினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது வண்டி சாதுவாக முனகியது.

உம்மா போனை வாங்கி வாப்பாவையே பார்த்தாள். அவருக்குப் பின்னால் அடுக்குக் கட்டில் தெரிந்தது.

"இன்னக்கி செவ்வாக்கெழமதானே. இந்நேரத்துல ரூம்ல என்ன பண்றீங்க?"

வாப்பா போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பட்டறைய ஒரேயடியா மூடிட்டாங்க. அடுத்த வாரம் ஊருக்கு வந்துர்றேன்."

உம்மா கரிபட்ட கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபமாக வந்தது. வண்டி சரியாகிவிட்டது, வாப்பாவும் வரப்போகிறார், இதில் அழ என்ன இருக்கிறது? எதிர்வீட்டு மாமியிடம் ஓடிப்போய், வாப்பா ஊருக்கு வருகிறார் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பயப்பட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.