ஒற்றையாக வெட்டிய கியர்

இருளாண்டி அண்ணன் என் பட்டறையில் கியருக்குப் பல் வெட்டும் ஹாபிங் மெஷின் ஓட்டுகிறார். ராமநாதபுரம் பக்கம் விசைப்படகு கியர்பாக்ஸுக்குச் சாய்வுப் பல் வெட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். போர்டில் காஜா நவாஸ் என்று என் பெயர் தொங்குகிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது அவர் கை. அந்தக் கைக்கு நான் செய்த துரோகத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் மெஷினை செட் பண்ணுவதைப் பார்க்க வேண்டும். பழைய கியரின் பல்லில் நீல மை தடவி வெள்ளைத் தாளில் உருட்டுவார். தாளில் விழுந்த கோடுகளை வைத்துச் சாய்வை அளப்பார். அதற்கேற்பக் கட்டர் தலையைத் திருப்பி, கணக்குப் போட்டு மாற்றுச் சக்கரங்களைப் பூட்டுவார். அரை நாள் போய்விடும். வெட்டுவது என்னவோ ஒரு மணி நேரம்தான். இன்னொரு பிடிவாதமும் உண்டு. சாய்வுப் பல்லை ஒற்றையாக வெட்ட மாட்டார். ஜோடிக் கியரையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒரே கணக்கில் வெட்டுவார். சாய்வு இம்மி பிசகினாலும் இரண்டிலும் ஒரே அளவு பிசகும், ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அவர் மச்சினன் முனீஸ்வரன் உடைந்த கியரோடு வந்தான். பாம்பனில் படகு டிரைவர். கியரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

"பாய், பல்லு பூராம் தேஞ்சு கெடக்கு. சாய்வு புடிபடல. ஜோடியையும் கழட்டிக் கொண்டாரச் சொல்வோம்" என்றார் அண்ணன்.

வாசலில் இன்னும் நாலு படகுக்காரர்கள் நின்றார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "பாம்பன் போயிக் கழட்டிட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிரும்ணே. ஒத்தையாவே வெட்டுங்க. நான் சொல்றேன்ல!" என்று கத்தினேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெட்டினார்.

கடலுக்குப் போன மூன்றாம் நாள் அந்தக் கியரின் பல் உதிர்ந்து படகு நின்றுவிட்டது. வேறொரு படகில் கயிறு கட்டி இழுத்தபோது, கயிறு சுண்டி முனீஸ்வரனின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்து நின்றான்.

"யாரு வேல மச்சான் இது?"

"மெஷின்ல கை வச்சது நான்தான் மாப்ள" என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அட, ஒரே ஒரு வார்த்தை! சொல்லவில்லை. பட்டறையின் பெயர் கெட்டுவிடும் என்று பயம். அன்றோடு முனீஸ்வரன் தன் அக்கா பாண்டியம்மாள் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டான்.

இந்த ஆவணியில் அண்ணன் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவர், "தாய்மாமன் மால போடணும் பாய். வருவானான்னுதான் தெரியல" என்றார். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நாளைக்கே பாம்பன் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நாளை, நாளை என்று முகூர்த்த நாளே வந்துவிட்டது. வெட்கங்கெட்டவன் நான்.

மணமேடையில் கோகிலா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் தவறுகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்த, கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மாலை போட்டார். பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்.

மறுநாள் விடியலில் ஃபஜ்ர் தொழுத கையோடு பாம்பனுக்கு வண்டியை விட்டேன். முனீஸ்வரன் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். "ஜோடி கேட்டது ஒம் மச்சான்தான். வேணாம்னு கத்துனது நானு."

அவன் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பட்டுச்சேலை, வளையல், அதன்மேல் வாடிப்போன ரோஜா மாலை.

"மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன் பாய். படியேற மனசு வரல. இத நேத்துக் காலைல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"