கூட்ஸ் வண்டிக்கு அப்பால்

கூட்ஸ் வண்டி கடந்துபோன பிறகும் வெகுநேரம் அந்தப் பொட்டலில் கருவாட்டு வாடை நின்றிருக்கும். பாம்பன் பக்கமிருந்து வந்து, உச்சிப்புளியைத் தாண்டி, உடைமரமும் மணலுமாய்க் கிடந்த எங்கள் வீட்டுப் பின்புறத்தை அது மெல்லக் கடக்கும். கடைசியிலுள்ள ‘கார்டு பெட்டி’ புள்ளியாகி மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பயணிகள் வண்டிக்குக் கையசைத்தால் யாராவது பதிலுக்கு அசைப்பார்கள். கூட்ஸில் பயணிகள் கிடையாது; கடைசிப் பெட்டிக் கார்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். என்றாலும் நான் கூட்ஸுக்குத்தான் காத்திருந்தேன். என்னிடம் கேமரா இருந்தது; படம் பிடிக்க மனிதர் இல்லை.

சவூதியிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கையில் அந்தக் கேமராவை வாப்பா கொடுத்தனுப்பியிருந்தார். கூட வந்த கேசட்டில் அவர் குரல் இருந்தது: “உங்க உம்மாவ ஒரு படம் எடுத்து அனுப்பு புள்ள. மூஞ்சி மறந்துபோகும்போல இருக்கு.” உம்மா அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், படத்துக்கு நிற்க மட்டும் இசையவில்லை.

“ஃபிலிமக் கழுவுறவன் பாப்பான்ல? பாத்துட்டு சும்மா இருப்பானா? கடைக் கண்ணாடிக்குள்ள மாட்டிப்புடுவான். ஊரு பூரா என் மூஞ்சியப் பாத்துட்டு மிச்சர் வாங்கப் போகும்.”

எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படித்தான். கல்யாண வீட்டில்கூடக் கேமராவைக் கண்டால் ‘துப்பட்டி’யை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆகவே அந்த வெறும் வெளியில் படமெடுக்க வாகாய் மெல்ல நகர்கிற ஒரே பொருளான கூட்ஸ் வண்டியை எடுத்து எடுத்து ஃபிலிமைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். தானிருக்கும் இடமும் மணல்தான் என்று வாப்பா சொல்லியிருந்ததால், இது தன் ஊர் என்றாவது அவருக்குத் தெரியுமா என்ற கவலை எனக்கு இருந்தது.

ஒரு மதியம் உம்மா என்னைத் தேடிக்கொண்டு தண்டவாளத்துக்கே வந்தாள்.

“படம் மிச்சமிருக்கா?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“நான் அங்கிட்டு நிக்கிறேன். வண்டி போகையில ரெண்டு பெட்டிக்கு ஊடால எடு. கழுவுறவனுக்கு வண்டிதான் தெரியும். தேடிப் பாக்குறவகளுக்கு நான் தெரிவேன்.”

“கூட்ஸு வராட்டி?”

“வராட்டி மணல எடுத்து அனுப்பு. அங்கன இல்லாத பொருளு பாரு.”

வண்டி வந்தது. ஒரு உடைமர நிழலில் நான் தாழ உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் உம்மா, தெருவில் ஒருநாளும் செய்யாதபடி துப்பட்டியைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, பெட்டிக்குப் பெட்டி தோன்றித் தோன்றி மறைந்தாள். ஒரு இடைவெளியில் சிரித்தாள். அப்போது அழுத்தினேன்.

கழுவி வந்த படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. என் விரல் பிந்தியதால் பெட்டியின் இரும்புச் சுவர்தான் படம் முழுக்க நின்றது. பெட்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. உம்மா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். “போகட்டும், அனுப்பு” என்றாள். அன்று கேசட்டைப் போடவில்லை.

மாதங்கள் கழித்து வந்த அடுத்த கேசட்டில், எல்லோருக்கும் சலாம் சொல்லி முடித்தபின், வாப்பா சற்று நிறுத்திச் சொன்னார்: “கூட்ஸு படம் கெடச்சுச்சு. வண்டிக்கு அங்கிட்டு நிக்கிறவககிட்டச் சொல்லு, உடமுள்ளு கெடக்குற எடத்துல செருப்பில்லாம போவேணாம்ண்டு.”

உம்மா அடுப்படிக்குப் போனாள். பிறகு வந்து, அந்த இடத்துக்கு மட்டும் நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாள்.

வாப்பா ஊரோடு வந்து சேர்ந்தபோது உம்மா உயிரோடு இல்லை. இன்று அகலப்பாதையில் இராமேஸ்வரத்துக்குப் பயணிகள் வண்டிகள் விரைகின்றன. பின்வாசலில் எவ்வளவு காத்திருந்தாலும் கூட்ஸைக் காண முடிவதில்லை. அந்தப் படத்தை வாப்பா சட்டம்போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். “என்னா மாமா, கூட்ஸு வண்டியப் போயி மாட்டி வச்சிருக்கீக?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். “சும்மா, அந்தக் காலத்து வண்டி” என்பார். நானும் அடியில் பாருங்கள் என்று சொல்வதில்லை.

படத்தின் நிறம் ஆண்டுக்காண்டு வெளிறுகிறது. எனக்கு இப்போது பாதம் எது, ஜல்லிக் கல் எது என்று பிரித்தறிய முடிவதில்லை. வாப்பாவுக்கு முடிகிறது.