ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்

காலை 11.10. கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். சூளகிரிக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஸ்டெல்லாவைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவளும் கணவர் அருளும் அங்கே வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். எனக்காக இன்று லீவு போட்டிருந்தாள்.

12.00. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். தெருவுக்குள் திரும்பியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "இங்க ஹாரன் அடிக்க மாட்டோங்க. நைட் ஷிப்ட் ஆளுங்க தூங்கறாங்க." நட்டநடுப் பகலில் எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. வாசல்களில் செருப்புகள் மட்டும் கிடந்தன. எனக்கு என்னமோ போலிருந்தது.

ஸ்டெல்லா சந்தோஷமாகத்தான் இருந்தாள். அருள் காலை ஷிப்ட், இவள் மதிய ஷிப்ட். சமையல், துணி, மூன்று வயது மகள் ஜெனி எல்லாமே பாதிப் பாதி. ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவருக்கு ஓ.டி. இருக்கும். இப்போது அவளுக்கு சூப்பர்வைசர் பதவி வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் மதிய ஷிப்டே நிரந்தரம், இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் பேசப் பேச நான் ஜெனியின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பொம்மை வீட்டுக்குள் வந்தால் அப்பா பொம்மை கட்டிலுக்கடியில் போய்விடும். இரண்டையும் அவள் ஒரு தடவைகூடச் சேர்த்து வைக்கவில்லை.

12.40. மெஷின் ரிப்பேர் என்று அருள் முன்னதாகவே வந்துவிட்டார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜெனி தட்டைத் தொடவில்லை. ஒரு மணிக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போய், ஸ்டெல்லாவின் ஷூவை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னைக்கு அம்மாவுக்கு லீவு கண்ணு" என்றாள் ஸ்டெல்லா.

ஜெனி மறுபடி உள்ளே போனாள். அப்பாவின் ஷூவையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப யாரு போறது?"

அவள் அழக்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பதவி வேண்டாம் என்று எழுத ஸ்டெல்லா போனை எடுத்தாள். அருள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்னு போடாத. நான் ஒம்பது மணி ஜெனரல் ஷிப்ட் கேக்கறேன், ஓ.டி. போனாப் போவுது. மதியத்துக்குப் பாப்பாவ எங்கயாச்சும் விடலாம். காலையில மூணு பேரும் ஒண்ணா சாப்புடலாம்."

1.25க்கு அவள் சம்மதம் என்று அனுப்பினாள். ஜெனி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

2.00. நான் செருப்பு மாட்டினேன். ஜெனி இரண்டு ஜோடி ஷூவையும் எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் கிளம்பினால் அவளுக்குப் போதும்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். வீட்டைவிட்டு எங்கும் போகாத அம்மாவின் செருப்பு வருஷக்கணக்காக வாசலில் ஒரே இடத்தில் கிடந்தது. அதைப் பார்த்து நாங்கள் யாருமே பயந்ததில்லை.