கயிறு கேட்டவன்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒற்றைக்கண் டீச்சர் என்று பெயர். எதை வரைந்தாலும் கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி அளவெடுப்பாள். ஓவிய வகுப்பைப் பறிக்க வரும் கணக்கு வாத்தியாரையும் அப்படித்தான் அளப்பாள். மனிதர் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அப்படி ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே மரத்தை அளந்துகொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தாள். கயிறு கட்டாமல் சாக்கடைக்குள் இறங்க மாட்டேன் என்ற தொழிலாளியை ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்தான். ஏழு அடி. மண்டை பிளந்தது. அடித்தவனின் முதுகும், கம்பியைப் பிடித்த இடதுகையும், அதில் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்ற சுண்டுவிரலும்தான் தெரிந்தன. மூன்றாம் நாள் தொழிலாளி செத்தான். தவறி விழுந்தான் என்று போலீஸில் எழுதினார்கள். இறங்கவே மறுத்தவன் விழுந்து செத்தானாம்! பொய் சொல்லவாவது கொஞ்சம் மூளை வேண்டாமா?

சாட்சி சொல்லப் போனவளிடம் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: "முகத்தைப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல. கையைப் பாத்தேன்."

"கைய வெச்சு யாரைப் பிடிக்கிறது? நாங்க என்ன ரேகையா பாக்குறோம்?"

ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு அந்தக் கையை ஆளுயரத்துக்கு வரைந்தாள். கீழே 'கயிறு கேட்டவன்' என்று மட்டும் எழுதினாள். சங்கத் தலைவர் நெளிந்தார்.

"எதுக்குக்கா வம்பு? பூ, மயிலுன்னு ஏதாவது மாட்டலாமே."

"மயிலு யாரையும் அடிச்சுக் கொல்லலையே தம்பி."

கண்காட்சி திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சேதி கேட்டு சாக்கடைக் காண்ட்ராக்டர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"யாரைக் கேட்டுடி என் கைய வரைஞ்ச?"

அவள் ஒரு கண்ணை மூடி அவனை அளந்தாள்.

"உங்க கைன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. படம் வைக்கும் ஸ்டாண்டின் காலைப் பிடுங்கி அவளை அடித்தான். அவளுடைய வலது மணிக்கட்டு படாரென்று முறிந்தது. அடுத்த அடியில் புருவம் கிழிந்து படத்தில் ரத்தம் தெறித்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கினான். படத்துக்குப் பக்கத்தில் அதே இடதுகை, அதே பிடி, அதே மடங்காத சுண்டுவிரல். நாற்பது பேர் பார்த்தார்கள். மயில் கேட்ட தலைவர்தான் முதலில் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

மாலையில் கட்டுப்போட்ட கையோடு அவள் ஏட்டின் முன்னால் போய் நின்றாள். வாசல் வரைக்கும் ஜனம். ஏட்டு நோட்டைப் பிரித்தார்.

"எழுதுங்க சார்," என்றாள். "இந்தத் தடவை முகத்தையும் பாத்தேன்."