பத்து மணிக்கு வந்தவர்

தேவசகாயம் இறந்த செய்தி பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. வேண்டாம் என்று இருப்பவன் நான். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த வீட்டு அம்மா, “சார், சிட்லபாக்கத்துலேர்ந்து போன். உங்க ஃப்ரெண்டு தவறிட்டாராம். தூக்கத்துலயே போயிட்டாராம்” என்றார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. இரண்டு ஆண்டுகளில் இப்படி வந்த ஆறாவது செய்தி இது. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் ரயில்வே பார்சல் அலுவலகத்து எழுத்தர். கோயிலில் கடைசி வரிசையில் உட்காருபவர். நல்ல உயரம், நல்ல கறுப்பு. மனைவியைச் சிறு வயதிலேயே இழந்து, ஒரே மகனை வளர்த்தவர். எனக்கு அவர் ஓர் அகராதியின் முதல் பாதி. அது உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்துப் பழைய பேப்பர் கடை ஒன்றில் தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களின் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதி. அட்டை இல்லை, தையல் விட்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டே ஆங்கிலம் கற்றவன். எந்த அகராதியைக் கண்டாலும் என் கை தானாகப் போகும். அன்று இன்னொரு கையும் அதன் மேல் இருந்தது. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னா சார், ஒரே புக்குக்கு ரெண்டு பேரும் பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? கிழிச்சி ஆளுக்குப் பாதி எட்த்துக்கினு போங்க சார்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்கள் அப்படியே செய்தோம். ஆங்கில எழுத்து வரிசையில் ‘எல்’ வரை அவருக்கு, ‘எம்’ முதல் எனக்கு. பாதியை இரவல் தருவதில்லை. கேட்டால் வாசித்துச் சொல்ல வேண்டும். இதுதான் ஒப்பந்தம். சனிக்கிழமை மாலைகளில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சந்திப்போம். அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நானும் அப்போது குடியிருந்தேன்.

கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதை அந்த ஊரில் ‘மெஸேஜஸ்’ வாங்கப் போவது என்பார்கள் என்று நான் சொன்னேன். மறுநாளே அவர் கையில் மஞ்சள் பையோடு வந்து, “மெஸேஜஸ் வாங்கப் போறேன் சார், உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?” என்றார். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நாள் முழுக்க மூடிக்கிடக்கும் வானத்துக்கு ‘ட்ரீக்’ என்று பெயர் என்று அவர் சொன்னார். “நம்ம ஊர் நவம்பருக்கு நாமதான் பேரு வெக்கல, அவன் வெச்சிருக்கான் பாருங்க.” எடின்பரோவில் பழைய காலத்தில் மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரைத் தெருவில் கொட்டுமுன் ‘கார்டிலூ’ என்று கத்துவார்களாம். எங்கள் மாடி வீட்டு அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வாளியைக் கவிழ்ப்பவர். ஒருநாள் அதில் முழுக்க நனைந்த தேவசகாயம் மேலே பார்த்து, “அக்கா, அடுத்த தடவ ஒரு கார்டிலூ சொல்லிட்டு ஊத்துங்க” என்றார். அந்த அம்மாள் கெட்ட வார்த்தை என்று நினைத்து ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

பின்னாளில் திருமுடிவாக்கம் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கே பொறியாளர் ஒருவர் என் கையில் அந்தப் பாதியைப் பார்த்துவிட்டு, “எட்டாங்கிளாஸுக்கு எதுக்குய்யா ஸ்காட்லாண்டு?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. அன்று மாலை தேவசகாயத்திடம் கொதித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “அவர் படிச்சது வேலைக்கு சார். நாம படிக்கிறது எதுக்குமில்ல. அதனால அத யாராலயும் புடுங்க முடியாது.”

என் பாதியில் ‘த்ரான்’ என்று ஒரு சொல் உண்டு. பிடித்ததை விடாதவன், கோணலாகவே நிற்பவன் என்று பொருள். அதை நான் அவருக்கு வாசித்ததே இல்லை. வாசித்திருந்தால் அன்றோடு எனக்கு அதுவே பெயராகியிருக்கும். அவரும் ஒன்றை எனக்கு முழுதாக வாசிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் விடியற்காலை ஆராதனை முடிந்ததும், ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார். கையில் ஒரு பன் ரொட்டி, ஒரு பொட்டலம் உப்பு, இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு துண்டு அடுப்புக்கரி. “ஸ்காட்லாண்டு வழக்கம் சார், புத்தாண்டுக்கு இப்படித்தான் கொண்டு போவாங்க” என்பார். அவ்வளவுதான் சொன்னார். என் மனைவி கரியை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டுக் காபி கொடுப்பார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது.

பிறகு ஊரப்பாக்கத்தில் வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு முதல் ஆளாகக் கரியும் உப்புமாக வருவேன் என்று தேவசகாயம் சொல்லியிருந்தார். என் மனைவியின் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

“மாப்ளே, ஆளும் கரி, கையிலயும் கரி. சம்சாரம் வேற இல்லாதவரு. புது வீட்ல மொதக் கால் அவருதா?”

சகுனம் பார்ப்பவர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவன் நான். அன்று போடவில்லை. கட்டடம் கட்டி ஓய்ந்திருந்தேன். இன்னொரு சண்டைக்கு என்னிடம் உயிரில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேவசகாயத்திடம் போய், “காலையில கூட்டமா இருக்கும். பத்து மணிக்கு மேல வாங்க சார், சாப்பிடலாம்” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். “பத்தா? சரி சார்.”

சரியாகப் பத்துக்கு வந்தார், வெறுங்கையோடு. பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஜனவரி முதல் தேதி நான் ஆறு மணிக்கே எழுந்து காத்திருந்தேன். அவர் வரவில்லை. பால் வந்தது, பேப்பர் வந்தது, மைத்துனரும் வந்துவிட்டார். பத்து மணிக்கு ரொட்டி, உப்பு, கரியோடு தேவசகாயம் கேட்டைத் திறந்தார்.

“என்ன சார், ரயில் லேட்டா?”

“இல்ல சார். இந்த வீட்டுக்குப் பத்துதானே நம்ம டைம்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும் பத்துக்கே வந்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னிப்பில் போய் முடிந்திருக்கும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

அடக்கம் முடிந்த வாரம் அவர் மகன் வந்து, “அப்பா இத உங்களுக்குக் குடுக்கச் சொல்லியிருந்தாரு அங்கிள்” என்று அந்த முதல் பாதியைத் தந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கத்திலேயே இருந்தும் நான் தொடாத பக்கங்கள். ‘எஃப்’ வரிசையில் ‘முதற்கால்’ என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. புத்தாண்டில் ஒரு வீட்டு வாசற்படியை முதலில் தாண்டும் ஆள். அவர் ரொட்டியும் உப்பும் கரியும் கொண்டுவர வேண்டும். அவர் கறுத்த ஆணாக இருந்தால் அந்த வீட்டுக்கு ஆண்டு முழுக்க நல்லது. அவருக்கு முன்னால் வேறு யாராவது தாண்டிவிட்டால் அந்தப் பலன் கிடையாது.

இதை அவர் சொல்லியிருந்தால் நானே கேலி செய்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. பத்து ஆண்டுகளுக்கு மேல் என் வாடகை வீட்டுக்கு அந்த நல்லதைச் செய்துவிட்டுக் காபி குடித்துப் போயிருக்கிறார். பிறகு மூன்று ஆண்டுகள், பலன் இல்லை என்று தெரிந்தும், கரியைச் சுமந்துகொண்டு ரயிலேறி வந்திருக்கிறார்.

இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைத்து வைக்கலாமே என்றார் அவர் மகன். வேண்டாம் என்றேன். கிழித்தது கிழித்தபடி இருக்கட்டும்.

இந்த ஆண்டு முதல் தேதி கேட்டை உள்பக்கம் பூட்டினேன். பால் பையைக் கேட்டிலேயே மாட்டச் சொன்னேன். எட்டு மணிக்கு மைத்துனர் வந்து தெருவில் நின்றார்.

“இன்னா மாப்ளே, வூட்டுக்கு வந்தவன வெளிய நிக்க வெக்கிறே?”

“பத்து மணிக்கு மேல வாங்க” என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பத்து மணிதான். நான் இருக்கும்வரை ஜனவரி முதல் தேதி அதற்கு முன் இந்த வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஏசுகிறார்கள். ஏசட்டும்.

பத்து அடித்ததும் கேட்டையும் கதவையும் முழுக்கத் திறந்துவிட்டு, வழியைவிட்டு ஒதுங்கி நின்றேன். பத்து ஐந்துக்கு மைத்துனர் உள்ளே வந்தார். அவர் இரண்டாவதாக வந்தவர்.